ஊர் திரும்பிய இதயம்

1928 ஜனவரி 16. இங்கிலாந்தில் குளிர்காலத்தின் நடுப்பகுதி. லண்டன் மாநகரின் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் கவிஞர்களுக்கென ஒதுக்கப்பட்ட மூலையில் ஓர் அஸ்திக் கலசம் அடக்கம் செய்யப்பட்டது. பிரதமர் ஸ்டான்லி பால்ட்வினும் எதிர்க்கட்சித் தலைவர் ராம்சே மெக்டொனால்டும் அதனுடன் நடந்தனர். பெர்னாட் ஷா, ருட்யார்ட் கிப்ளிங், ஜான் கால்ஸ்வொர்தி, ஏ.இ. ஹவுஸ்மன் என அன்றைய ஆங்கில இலக்கிய உலகமே உடன் சென்றது.

அதே நாளில், தென்மேற்கே டோர்செட் மாவட்டத்தில் உள்ள ஸ்டின்ஸ்ஃபோர்டு என்னும் சிற்றூரின் தேவாலயத்திலும் ஓர் அடக்கம் நடைபெற்றது. அங்கே அமைச்சர்கள் இல்லை. உறவினரும் ஊர்க்காரர்களும் இருந்தனர். பழைய கல்லறை ஒன்று திறக்கப்பட்டு, அதனுள் ஒரு சிறு பேழை வைக்கப்பட்டது. பேழைக்குள் இருந்தது ஒரு மனிதரின் இதயம்.

இரண்டு அடக்கங்களும் ஒருவருக்கே. நாவலாசிரியரும் கவிஞருமான தாமஸ் ஹார்டி தமது 87-ஆவது வயதில், ஜனவரி 11 அன்று மறைந்தார். முன்னோருக்கும் முதல் மனைவிக்கும் அருகே, ஸ்டின்ஸ்ஃபோர்டிலேயே தம்மைப் புதைக்க வேண்டும் என்பது அவரது விருப்பம். நாடோ அவரைத் தன் பேராலயத்துக்குக் கேட்டது. உடல் தகனம் செய்யப்பட்டு அஸ்தி தலைநகருக்கும், இதயம் கிராமத்துக்கும் என்பது அதற்குக் கண்ட சமரசம். வினோதமான ஏற்பாடுதான். ஆனால், ஹார்டியின் வாழ்வை அறிந்தவர்களுக்கு இதில் ஒரு பொருத்தம் புலப்படும். அவர் ஊர் ஊராகச் சென்று பழுதுபார்த்ததும், பின்னர் அதற்காக வருந்தியதும், இறுதிவரை நினைத்து எழுதியதும் கிராமத்துத் தேவாலயங்களைப் பற்றித்தான்.

ஹார்டி 1840 ஜூன் 2-ஆம் நாள், ஸ்டின்ஸ்ஃபோர்டு தேவாலயத்தின் எல்லைக்குட்பட்ட ஹையர் பாக்ஹாம்ப்டன் என்ற குக்கிராமத்தில், கூரை வேய்ந்த வீடொன்றில் பிறந்தார். தந்தை கட்டடத் தொழில் செய்தவர். கல்லும் சுண்ணாம்பும் கையாளும் குடும்பம். ஆனால், அந்தக் குடும்பத்தின் பெருமை கட்டடத்தில் மட்டும் இல்லை, இசையிலும் இருந்தது. ஸ்டின்ஸ்ஃபோர்டு தேவாலயத்தின் மேற்குப்புற மாடத்தில் அமர்ந்து ஹார்டியின் தாத்தா செல்லோ வாசித்தார். தந்தையும் தந்தையின் சகோதரரும் வயலின் வாசித்தனர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்த ஊரின் ஞாயிற்றுக்கிழமைகளும் கிறிஸ்துமஸ் இரவுகளும் அவர்களுடைய இசையால் நிறைந்தன.

சம்பளம் பெறும் கலைஞர்கள் அல்லர் அவர்கள். வாரம் முழுவதும் கல் சுமந்தவர்கள், ஏர் பிடித்தவர்கள், செருப்புத் தைத்தவர்களே ஞாயிற்றுக்கிழமைகளில் மாடமேறி இசைத்தனர். கையால் எழுதப்பட்ட இசை ஏடுகள் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தன. பனிக்காலத்தில் விளக்கேந்தி வீடு வீடாகச் சென்று பாடுவதும் அவர்களே. இங்கிலாந்தின் எத்தனையோ சிற்றூர்களில் இதுவே வழக்கமாக இருந்தது.

சுமார் 1842-இல் அந்த இசைக்குழு கலைக்கப்பட்டது. சீர்திருத்த நாட்டம் கொண்ட குருவானவர்களுக்கு, வழிபாட்டில் நாட்டுப்புறத்தாரின் வயலின் ஒலிப்பது உகந்ததாகத் தோன்றவில்லை. நாடெங்கும் இத்தகைய குழுக்கள் அகற்றப்பட்டு, ஆர்கனும் ஹார்மோனியமும் வந்த காலம் அது. இசைஞர்கள் இறங்கிய பிறகு அவர்கள் அமர்ந்த மாடமும் தேவையற்றதாகிப் பின்னர் அகற்றப்பட்டது.

அப்போது ஹார்டி நடை பழகிய குழந்தை. தம் குடும்பம் தேவாலயத்தில் இசைத்ததைக் கேட்ட நினைவு அவருக்கு இருந்திருக்க இயலாது. அவர் கேட்டதெல்லாம் கதைகள்தாம். வீட்டில் தந்தை வாசித்த வயலினும், பெட்டியில் உறங்கிய இசை ஏடுகளும், பெரியவர்களின் பேச்சுமே அவருக்கு மிஞ்சின. முப்பது ஆண்டுகள் கழித்து, 1872-இல், அவர் எழுதிய 'அண்டர் த கிரீன்வுட் ட்ரீ' என்னும் நாவலில் அந்தக் குழு உயிர்பெற்றது. ஊரின் பெயரை மட்டும் மாற்றினார். தாம் நேரில் காணாத ஓர் இழப்பை எழுத்தால் ஈடுசெய்ய அவர் முயன்ற முதற்பெரும் முயற்சி அது.

இதற்கிடையே அவர் தொழில் கற்றார். 1856-இல், பதினாறாவது வயதில், டோர்செஸ்டர் நகரின் கட்டடக் கலைஞர் ஜான் ஹிக்ஸ் என்பவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். ஹிக்ஸின் முதன்மையான பணி, பழைய தேவாலயங்களைப் புதுப்பிப்பது.

விக்டோரியா காலத்தில் புதுப்பித்தல் என்பது என்ன என்பதை இங்கே அறிந்துகொள்ள வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் ஆயிரக்கணக்கான தேவாலயங்கள் இந்தப் பணிக்கு உள்ளாயின. அவற்றுள் பலவும் உண்மையிலேயே சிதைந்திருந்தன. கூரை ஒழுகியது, சுவர் சாய்ந்தது. ஆனால், பழுதை நீக்குவதோடு பணி நிற்கவில்லை. கட்டடம் முழுவதும் ஒரே காலத்து கோத்திக் பாணியில் இருக்க வேண்டும் என்ற கொள்கை மேலோங்கியது. இடைப்பட்ட நூற்றாண்டுகள் சேர்த்த மாடங்கள், அடைப்புள்ள இருக்கைகள், சுவர்ப்பூச்சுகள், நினைவுப் பலகைகள் யாவும் பிழைகளாகக் கருதப்பட்டுக் களையப்பட்டன. தரையைச் சீராக்கும்போது கல்லறைப் பலகைகள் இடம் மாறின. யாருடைய பெயர் யாருடைய எலும்பின்மேல் கிடக்கிறது என்பதே தெரியாத நிலை ஏற்பட்டது. இளைஞர் ஹார்டி இந்தப் பணிகளுக்காக அளவெடுத்தார், வரைபடம் வரைந்தார்.

1862-இல் அவர் லண்டன் சென்று ஆர்தர் பிளோம்ஃபீல்டு என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞரிடம் பணியாற்றினார். அங்கே அவருக்கு வாய்த்த வேலைகளில் ஒன்று விசித்திரமானது. மிட்லண்ட் ரயில் நிறுவனம் தன் பாதையை செயின்ட் பாங்க்ராஸ் பழைய தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தினூடே அமைத்தது. அங்குப் புதைக்கப்பட்டிருந்தோரின் எச்சங்களைத் தோண்டி வேறிடம் மாற்ற வேண்டியிருந்தது. அந்தப் பணி முறையாக நடக்கிறதா என்று கண்காணிப்பது ஹார்டியின் பொறுப்பு. வேலி மறைப்புக்குப் பின்னே, விளக்கொளியில், மாலை வேளைகளில் அவர் அதைக் கண்டார். உடைந்த சவப்பெட்டி ஒன்றில் ஓர் உடலின் எலும்புகளும் இரண்டு மண்டையோடுகளும் இருந்ததை அவர் ஆயுள் முழுவதும் மறக்கவில்லை. அந்தத் தோட்டத்தில் ஒரு மரத்தைச் சுற்றி நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்த கல்லறைக் கற்கள் பிற்காலத்தில் அவர் பெயராலேயே வழங்கப்பட்டன. அந்த மரம் 2022 டிசம்பரில் சாய்ந்தது.

உடல்நலம் குன்றி 1867-இல் அவர் சொந்த ஊருக்குத் திரும்பினார். ஹிக்ஸ் மறைந்தபின் அவருடைய பணிகளை ஏற்ற வேமத் நகரின் கட்டடக் கலைஞர் கிரிக்மே, ஹார்டியை ஒரு பணிக்கு அனுப்பினார். கார்ன்வால் கடற்கரையை ஒட்டிய செயின்ட் ஜூலியட் என்ற ஒதுக்குப்புறச் சிற்றூரின் தேவாலயத்தை ஆய்வுசெய்து வர வேண்டும்.

1870 மார்ச் 7, திங்கட்கிழமை. விடியலுக்கு முன்பே, விண்மீன் ஒளியில் வீட்டை விட்டுக் கிளம்பியவர், ரயில்கள் மாறி, பின்னர்க் குதிரை வண்டியில் பதினாறு மைல் சென்று, இருட்டிய பிறகே குருவானவரின் இல்லத்தை அடைந்தார். குருவானவர் வாத நோயால் படுக்கையில் இருந்தார். பழுப்பு நிற உடையணிந்த ஓர் இளம்பெண் வரவேற்றார். குருவானவருடைய மனைவியின் தங்கை எம்மா கிஃபர்டு. விருந்தினரின் சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்த்த நீலத்தாள் தேவாலயத்தின் வரைபடம் என்று அவர் எண்ணினார். அது ஒரு கவிதையின் கையெழுத்துப் படி.

தேவாலயம் சீர்கெட்டிருந்தது. பழைய கோபுரம் விரிசல் கண்டிருந்தது. செதுக்கு வேலைப்பாடுள்ள இருக்கைகள் உளுத்துப் போயிருந்தன. பகலில் ஹார்டி அளவெடுத்தார்; மற்ற நேரங்களில் இருவரும் பாறை முகடுகளில் உலவினர். எம்மா குதிரையேறிச் செல்ல, அவர் பக்கத்தில் நடந்தார். கோபுரத்தை இடித்துக் கட்டும் பணி தொடங்கியபோது அடிக்கல்லை நாட்டியவர் எம்மாவே. ஓர் ஆலயத்தின் பழுது இருவரை இணைத்தது. நான்கரை ஆண்டுகளுக்குப்பின், 1874 செப்டம்பர் 17 அன்று, அவர்கள் மணந்துகொண்டனர்.

அதே தேவாலயத்தில் ஹார்டிக்கு ஒரு மனவேதனையும் காத்திருந்தது. பீடத்துக்கும் மக்கள் அமரும் பகுதிக்கும் இடையே இருந்த பழைய மரச் சித்திரத் தடுப்பை அவர் நுணுக்கமாக வரைந்து, சிதைந்த இடங்களை மட்டும் ஒட்டுப்போடுமாறு குறித்துத் தந்திருந்தார். பணியைப் பார்வையிடச் சென்றபோது, அந்த இடத்தில் பளபளவென்று மெருகேற்றிய புத்தம்புதிய தடுப்பு ஒன்று நின்றது. ஒட்டுப்போட்ட பழையதற்குப் பதிலாகப் புதியதையே தந்துவிடலாம் என்று கட்டுநர் பெருந்தன்மையுடன் முடிவெடுத்திருந்தார். தீய எண்ணம் எவரிடமும் இல்லை. நல்லெண்ணத்தாலேயே பல நூற்றாண்டுகளின் கைத்தடம் மறைந்துபோனது.

எழுத்து அவரை உயர்த்தியது. கட்டடத் தொழிலை விட்டார். 1885-இல் டோர்செஸ்டருக்கு வெளியே தாமே வரைந்து, தந்தையும் தம்பியும் கட்டித்தந்த 'மேக்ஸ் கேட்' இல்லத்தில் குடியேறினார். 1891-இல் 'டெஸ்', 1895-இல் 'ஜூட்' ஆகிய நாவல்கள் வெளிவந்தன. 'ஜூட்' நாவலின் நாயகன் ஒரு கல்தச்சன். பழைய கட்டடங்களைச் செப்பனிடுபவன். அந்நாவலின் தொடக்கத்திலேயே, ஊரின் தொன்மையான தேவாலயம் இடிக்கப்பட்டு வேறிடத்தில் புதிது எழுந்ததையும், பழைய கல்லறைகள் அடையாளமற்றுப் போனதையும் ஹார்டி கசப்புடன் பதிவு செய்தார்.

அந்த நாவல் பெரும் கண்டனத்தைச் சந்தித்தது. திருமணத்தையும் சமயத்தையும் சாடுவதாகச் சொல்லப்பட்டது. ஆழ்ந்த இறைப்பற்றுடைய எம்மாவையும் அது புண்படுத்தியது. கணவன், மனைவி இடையே முன்பே விழுந்திருந்த விரிசல் அகன்றது. ஹார்டி இளமையிலேயே நம்பிக்கையை இழந்தவர். எம்மாவோ வயது ஏற ஏறப் பக்தியில் ஊன்றியவர். தாமும் எழுத வேண்டும் என்ற எம்மாவின் ஆசை கணவரின் புகழ் நிழலில் வாடியது. குழந்தைகள் இல்லை. காலப்போக்கில் அவர் மேல்மாடத்து அறைகளுக்கு ஒதுங்கினார். ஒரே கூரையின்கீழ் இருவரும் தனித்தனியே வாழ்ந்தனர்.

நம்பிக்கையை இழந்த பின்னரும் ஹார்டியால் தேவாலயத்தை விட முடியவில்லை. வழிபாட்டின் சொற்களும் பழைய இசையும் மணியோசையும் அவருக்குள் ஊறியிருந்தன. பழங்கட்டடங்களைக் காக்க 1877-இல் வில்லியம் மோரிஸ் தோற்றுவித்த சங்கத்தில் அவர் 1881-இல் உறுப்பினரானார். டோர்செட் பகுதியில் எந்தத் தேவாலயத்திலேனும் தேவையற்ற இடிப்பு நிகழும் என்று தெரிந்தால் எச்சரித்தார். 1906-இல் அந்தச் சங்கத்தின் கூட்டத்துக்காக அவர் எழுதிய கட்டுரையில், தேவாலயப் புதுப்பித்தலில் தமக்கிருந்த பங்கை மறைக்காமல் நினைவுகூர்ந்தார்.

அந்தக் கட்டுரையின் சாரம் எளியது. பழைய கல்லை எடுத்துவிட்டு அதே வடிவில் புதுக்கல்லை வைத்தால் வடிவம் மீளலாம். அந்தக் கல்லைத் தொட்டு வாழ்ந்த மனிதர்களின் உறவு மீளாது. ஆகவே பழங்கட்டடத்தைக் காப்பது அழகுணர்ச்சியின் கடமை என்பதைவிட மனிதநேயத்தின் கடமை. அதே வேளையில், வழிபட வருவோருக்கு ஒழுகாத கூரை வேண்டும் என்பதையும் அவர் மறுக்கவில்லை. தேவாலயம் காட்சியகம் அல்ல. பயன்பாட்டில் இருந்தால்தான் அது தேவாலயம். இந்த முரணுக்கு எளிய தீர்வு இல்லை என்பதையும் அவர் உணர்ந்திருந்தார்.

கட்டடங்களைப் பற்றி இவ்வளவு தெளிவாகச் சிந்தித்தவர், தம் வீட்டின் மேல்மாடத்தில் சிதைந்துகொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. 1912 நவம்பர் 24 அன்று எம்மாவுக்கு 72 வயது நிறைந்தது. மூன்று நாள்கள் கழித்து, நவம்பர் 27 காலையில், பணிப்பெண் அழைக்க மேலே சென்ற ஹார்டி, மனைவியின் இறுதித் தருணத்தையே கண்டார். அவருடைய நோயின் தீவிரத்தை அதுவரை அவர் உணர்ந்திருக்கவில்லை. எம்மா ஸ்டின்ஸ்ஃபோர்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் ஹார்டி மனைவியின் தாள்களைப் புரட்டினார். தம்மைப்பற்றிக் கசப்புடன் எழுதப்பட்ட குறிப்புகள் இருந்தன; அவற்றைப் படித்து எரித்தார். எம்மா தம் இளமைக்கால நினைவுகளை எழுதிவைத்த இன்னொரு கையெழுத்துப் படியும் கிடைத்தது. அதில் செயின்ட் ஜூலியட் இருந்தது; குதிரை இருந்தது; கடற்பாறைகள் இருந்தன; இருளில் வந்திறங்கிய இளம் கட்டடக் கலைஞரும் இருந்தார். பல ஆண்டுகள் பேசாமல் வாழ்ந்த மனைவி, இறந்தபின் அவரிடம் பேசத் தொடங்கினார்.

1913 மார்ச்சில், முதன்முதலில் சந்தித்த அதே வாரத்தில், 43 ஆண்டுகளுக்குப் பிறகு, 72 வயதான ஹார்டி தம் தம்பியுடன் மீண்டும் கார்ன்வால் சென்றார். பழைய பாதைகளில் நடந்தார். தாம் பழுதுபார்த்த தேவாலயத்துள் நின்றார். எம்மாவுக்கான நினைவுப் பலகையைத் தாமே வரைந்து அதன் சுவரில் பொருத்தச் செய்தார். அவருடைய மேசையிலிருந்த நாள்காட்டி அதன்பின் மார்ச் 7, திங்கட்கிழமை என்பதிலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

அந்த மாதங்களில் அவர் எழுதிய கவிதைகள் 1914-இல் நூலில் இடம்பெற்றன. இறுதி வடிவில் 21 கவிதைகள் கொண்ட அந்தத் தொகுதி, ஆங்கிலத்தின் மிகச் சிறந்த இரங்கற் கவிதைகளுள் வைத்து எண்ணப்படுகிறது. அவற்றில் இறந்தவரைத் தெய்வமாக்கும் மிகை இல்லை. கேட்க வேண்டியபோது கேட்காமலும், சொல்ல வேண்டியபோது சொல்லாமலும் விட்ட ஒருவரின் நேர்மையான வருத்தமே இருக்கிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1914 பிப்ரவரியில் ஹார்டி, தம்மைவிட ஏறத்தாழ 39 வயது இளைய ஃப்ளாரன்ஸ் டக்டேலை மணந்தார். உயிரோடிருந்தபோது பாராமுகமாக நடத்தப்பட்ட எம்மா, இறந்தபின் வீட்டை நிறைத்திருப்பதை அந்த இரண்டாம் மனைவி நாள்தோறும் காண நேர்ந்தது. நினைவுகூர்தல் மறைந்தவர்களுக்குப் புகழ் சேர்க்கலாம். அருகில் வாழ்பவர்களுக்கு அது சுமையாகவும் அமையக்கூடும். 1937-இல் ஃப்ளாரன்ஸும் மறைந்து, அதே கல்லறையில் இடம்பெற்றார்.

முதல் உலகப் போரின் இரண்டாம் குளிர்காலம். 1915 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், 'டைம்ஸ்' நாளிதழில் ஹார்டியின் சிறு கவிதை ஒன்று வெளியானது. கிறிஸ்து பிறந்த நள்ளிரவில் தொழுவத்து மாடுகள் மண்டியிடும் என்ற நாட்டுப்புற நம்பிக்கையைப் பற்றியது அது. 75 வயதிலும் அவர் நம்பவில்லை; நம்ப முடிந்தால் நன்றாக இருக்குமே என்ற ஏக்கம் மட்டும் அவரை விடவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்புதான் அவருடைய அன்புத் தங்கை மேரியும் ஸ்டின்ஸ்ஃபோர்டு மண்ணுக்குள் சென்றிருந்தார். தாய், தந்தை, மனைவி, தங்கை என அவருக்குரியவர்கள் அனைவரும் தேவாலயத்தின் இப்புறத்தில் இல்லை; அப்புறத்து மரநிழலில் இருந்தார்கள். ஹார்டி அங்கே அடிக்கடி சென்றுவந்தார். தம்மைக் காணவந்த விருந்தினர்களையும் அழைத்துச் சென்றார்.

ஸ்டின்ஸ்ஃபோர்டு தேவாலயத்தின் உள்ளே ஒரு பித்தளைப் பலகை இருக்கிறது. அந்தத் தேவாலயத்தில் இசைத்த தாத்தா, தந்தை, தந்தையின் சகோதரர் ஆகியோரின் நினைவாக ஹார்டி குடும்பத்தினர் வைத்தது அது. மாடம் போய்விட்டது, வயலின்கள் போய்விட்டன, அவர்களுடைய இசையைக் கேட்ட ஒருவர்கூட இன்றில்லை. பெயர்கள் இருக்கின்றன. அவற்றோடு ஒரு நாவலும் இருக்கிறது.

இங்கிலாந்துத் திருச்சபையிடம் இன்று ஏறத்தாழ 16,000 தேவாலயங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை கிராமப்புறங்களில் இருப்பவை. விக்டோரியா காலத்தில் அவற்றுக்கு வந்த ஆபத்து, அளவுக்கு மீறிய அக்கறை. இன்று வந்திருப்பது அதற்கு நேர்மாறான ஆபத்து: ஆளில்லாமை. ஞாயிறுதோறும் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள் கூடும் ஆலயங்கள் பல. கைவிடப்பட்டவற்றைக் காக்க 1957-இல் ஒரு தன்னார்வ அமைப்பும், 1969-இல் அரசும் திருச்சபையும் இணைந்து நிதியளிக்கும் ஓர் அறக்கட்டளையும் தோன்றின. அந்த அறக்கட்டளை மட்டும் இன்று 350-க்கும் மேற்பட்ட தேவாலயங்களைப் பராமரிக்கிறது. வழிபாடு நின்றுபோன ஆலயத்தின் கதவையும் பகலில் திறந்து வைக்கிறார்கள். வருபவர்களில் பலர் அங்கே கடவுளைத் தேடுவதில்லை. சுவரில் ஒரு பெயரைத் தேடுகிறார்கள்.

நம்பிக்கையற்ற ஹார்டி கிராமத்துத் தேவாலயத்தை ஏன் விடவில்லை என்ற கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது. ஓர் ஊரின் சாமானிய மனிதர்கள் பிறந்ததும் மணந்ததும் மறைந்ததும் பதிவாகியிருக்கும் இடம் அது ஒன்றுதான். அரசர்களுக்கும் தளபதிகளுக்கும் பேராலயங்கள் உண்டு. செல்லோ வாசித்த கொத்தனாருக்கு ஸ்டின்ஸ்ஃபோர்டைத் தவிர வேறிடம் இல்லை. அதனால்தான் அதன் ஒரு கல் இடம் மாறினாலும் யாரோ ஒருவர் இரண்டாம் முறை இறந்துபோகிறார் என்று அவர் அஞ்சினார்.

வெஸ்ட்மின்ஸ்டர் அடக்கத்தின்போது, டோர்செட் உழவர் ஒருவர் அனுப்பிய மண்ணை அந்த அஸ்திக் கலசத்தின்மேல் தூவினார்கள். புகழ் தலைநகரில் தங்கியபோதும், ஊர் மண் அவரைத் தேடி அங்கே சென்றது. இதயமோ ஊருக்கே வந்துசேர்ந்தது. பழுதுபார்க்க வேண்டியவற்றை, அவை ஆலயமானாலும் உறவானாலும், இருக்கும்போதே பழுதுபார்க்க வேண்டும் என்பதை அவருடைய வாழ்வு நமக்குச் சொல்கிறது. காலம் கடந்த பின் செய்ய இயல்வது ஒன்றே ஒன்றுதான்: மறவாமல் இருப்பது. அதை அவர் இறுதிவரை செய்தார்.